மடக்க வேண்டியது யாருடைய கட்டிலை?

ஸ்ரீரங்கத்தில் நாள் முழுக்கப் படுத்திருக்கும் வசதி ஒருவருக்குத்தான் இருக்கிறது. அவர் பெரிய பெருமாள். தெற்கே பார்த்தபடி ஆதிசேஷன் மேல் பள்ளிகொண்டிருக்கிறார். உட்கார்ந்தால் ஆசனம், படுத்தால் படுக்கை என்று ஆதிசேஷனுக்கு இரண்டு வேலை என்பது வைணவ மரபு. உலகத்தின் முதல் மடக்குக் கட்டில் அதுதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். என்ன, பெருமாள் அங்கே எழுந்திருப்பதே இல்லை என்பதால் மடக்க வேண்டிய அவசியமும் வருவதில்லை :-)

சன்னதிக்கு வெளியே நிலைமை வேறு. ஏழு பிராகாரங்களில் வெளிச்சுற்றுகளான உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் அடையவளஞ்சானிலும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். கோயில் மதிலுக்கு நடுவே ஊர். ஊரைச் சுற்றிக் காவிரியும் கொள்ளிடமும். ஆட்கள் கூடுகிறார்கள், இடம் கூடுவதில்லை. ஒரு காலத்தில் ஒரே குடும்பம் இருந்த வீடு இன்று இரண்டு மூன்று போர்ஷன். அக்கரையில் உறையூர், பாலக்கரை, தெப்பக்குளம் பக்கத்துச் சந்துகளிலும் கதை இதுதான். கல்லூரி மாணவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து எடுக்கும் அறைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கதவைத் திறந்தால் கட்டில், கட்டிலைத் தாண்டினால் சுவர்.

இந்த மாதிரி வீடுகளுக்கு மடக்குக் கட்டில் நல்ல யோசனை. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் எப்படிச் செய்வது என்று மட்டும் பேசிவிட்டு, யாருக்குச் செய்வது என்பதைப் பேசாமல் விட்டுவிடுகிறோம். நம் வீடுகளில் பெரும்பாலும் தப்பான ஆளுடைய கட்டிலைத்தான் மடக்குகிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் புகார்.

பாய் இருந்த காலம்

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பு குறுகல், நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அதில் படுக்கை அறை என்று தனியாக ஒன்று பெரும்பாலும் இருக்காது. ஏதாவது ஒரு காமிரா உள் இருக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் அத்தனை பேரும் எங்கே படுத்தார்கள்? கூடத்தில்தான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பாய் விரியும். விடிவதற்குள் சுருண்டு மூலைக்கோ பரணுக்கோ போய்விடும். அதே இடத்தில் காலையில் காய் நறுக்குவார்கள், மதியம் இலை போடுவார்கள், சாயங்காலம் குழந்தைகள் பாடம் படிக்கும். நவராத்திரி வந்தால் கொலுப்படியும் அங்கேதான். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின ராத்திரி, பரமபத வாசல் திறப்பதைப் பார்க்க வந்த உறவினர் கூட்டமும் அங்கேதான் முடங்கும்.

கோரைப்பாய்க்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமும் இல்லை. காவிரிக் கரையில் முசிறிப் பக்கம் கோரை விளைகிறது, பாயும் அங்கேயே நெய்கிறார்கள். இடத்தை மிச்சம் பண்ணும் படுக்கை என்று பார்த்தால் பாயை அடித்துக்கொள்ள ஆளில்லை. எடை இல்லை, கீல் இல்லை, சுவரில் ஓட்டை போட வேண்டாம், சுருட்டினால் குடை வைக்கும் இடத்தில் நிற்கும். ஜப்பானியர்கள் ஃபுட்டான் மெத்தையைக் காலையில் மடித்து அலமாரிக்குள் வைக்கிறார்கள் என்று படித்து ஆச்சரியப்படுகிறோம். நம் பாட்டிகள் செய்ததும் அதேதான்.

கட்டில் வந்தது, கூடம் போனது

பிறகு கட்டில் வந்தது. எப்படி வந்தது? பெரும்பாலான வீடுகளில் சீர்வரிசையாகத்தான். பீரோ, கட்டில், மெத்தை என்று ஒரு வண்டியில் வந்து இறங்கும். ஆறரை அடி நீளம், ஐந்தடி அகலம். தலைமாட்டில் கண்ணாடியும் செதுக்கிய மயிலும் இருந்தால் இன்னும் பெருமை. பத்துக்குப் பத்து அறையில் இதைப் போட்டுவிட்டால் மிச்சம் இருப்பது நடைபாதைதான். பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் கட்டில் மேல் ஏற வேண்டிய வீடுகள் உண்டு.

அந்தக் கட்டிலை விற்க முடியாது. அது பெண் வீட்டார் போட்டது. மாற்றவும் முடியாது. ஆக, வீடு சுருங்கினாலும் கட்டில் சுருங்காது. சுருங்க வேண்டியவர்கள் மனிதர்கள்தான்.

"பேசாமல் எல்லோரும் பாய்க்கே திரும்பிவிடலாமே" என்று சிலர் கேட்கலாம். இருபது வயதில் கேட்பதற்கு நல்ல கேள்வி. எழுபது வயது முழங்காலிடம் கேட்டுப் பார்த்தால் பதில் வேறாக இருக்கும். தரையில் படுப்பதில் சிரமம் இல்லை. தரையிலிருந்து எழுந்திருப்பதில்தான் எல்லாச் சிரமமும். ராத்திரி இரண்டு முறை பாத்ரூம் போக வேண்டியவர், கையைத் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, சுவரைப் பிடித்து எழுந்திருப்பதற்குள் தூக்கம் போய்விடும். மூட்டு மாற்று அறுவை செய்தவர்களைத் தரையில் உட்காராதீர்கள் என்றுதான் டாக்டர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். மார்கழிக் குளிரில் சிமெண்டுத் தரை எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, கட்டில் வேண்டும். பகலில் இடமும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மடக்குக் கட்டில் வருகிறது.

ஒரு சின்னக் கணக்கு

வணிகவியல் பாடத்தில் நிலையான சொத்து, தேய்மானம் என்றெல்லாம் படிக்கிறோம். வீட்டிலுள்ள கட்டிலுக்கு அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. போட்டுப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு, 300 சதுர அடி போர்ஷன், மாத வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 20 ரூபாய். ஆறரைக்கு ஐந்து கட்டில் அடைக்கும் இடம் 32.5 சதுர அடி. அதாவது கட்டில் நிற்பதற்கு மட்டும் மாதம் 650 ரூபாய், வருஷத்துக்கு 7,800 ரூபாய் வாடகை. அதில் ஆள் படுப்பது ஏழெட்டு மணி நேரம். பாக்கி பதினாறு மணி நேரத்துக்கும் வாடகை கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், இஸ்திரி போடாத துணியைக் குவித்து வைப்பதற்காக.

இந்தப் பணம் கண்ணுக்குத் தெரியாது. வேறு விதமாகத் தெரியும். பையனுக்கு மேஜை போட இடமில்லை, பெண் தைக்கும் மிஷினை வாசலில் வைக்க வேண்டியிருக்கிறது, வந்தவர்களைக் கட்டில் மேலேயே உட்காரச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கை மறக்க வேண்டாம். கடைசியில் இன்னொரு முறை தேவைப்படும்.

அமெரிக்கர்கள் பட்ட பாடு

இடமில்லாத பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்கா மாதிரி பரந்த தேசத்திலும் நகரத்துக்குள் வந்ததும் ஜனங்கள் ஒற்றை அறைக்குள்தான் அடைபட்டார்கள். சிகாகோவில் சாமான் கடை வைத்திருந்த சாரா குட் என்ற பெண்மணி, பகலில் எழுதும் மேஜையாகவும் ராத்திரியில் கட்டிலாகவும் மாறும் ஒரு சாமானைச் செய்து 1885-ல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்கக் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவர் அவர். அடிமையாகப் பிறந்து, விடுதலையான பிறகு சொந்தமாகக் கடை வைத்தவர். சின்ன வீட்டில் குடியிருந்தவர்களின் கஷ்டம் அவருக்குக் கடை வாசலிலேயே தெரிந்திருக்கும்.

அதன் பிறகு, 1900-களின் தொடக்கத்தில், சான்பிரான்சிஸ்கோவில் ஒற்றை அறையில் குடியிருந்த வில்லியம் மர்ஃபி சுவரோடு நிமிர்த்தி வைக்கும் கட்டிலைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாக ஓர் ஆணின் படுக்கை அறைக்குள் வருவது மரியாதைக் குறைவு. கட்டிலை மறைத்துவிட்டால் அது வரவேற்பறை ஆகிவிடுமே, காதலியை வீட்டுக்குக் கூப்பிடலாமே என்றுதான் மர்ஃபி யோசித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நிஜமோ இல்லையோ, கட்டில் பிரபலமானது. சார்லி சாப்ளின் 1916-ல் 'ஒன் ஏ.எம்.' என்ற படத்தில் குடித்துவிட்டு வந்து இப்படி ஒரு சுவர்க் கட்டிலோடு மல்லுக்கட்டுவார். ஊருக்கே தெரிந்த சாமானாக இருந்தால்தான் அதை வைத்துச் சிரிக்க வைக்க முடியும். மர்ஃபி கட்டில் என்பது எல்லாச் சுவர்க் கட்டிலுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது என்று 1989-ல் அமெரிக்க நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நாம் எந்த வனஸ்பதியையும் டால்டா என்று சொன்ன மாதிரி.

நமக்குத் தெரிந்த மாடல்: நடு பெர்த்

இன்று இதே சுவர்க் கட்டிலை மாடுலர் ஃபர்னிச்சர் கடைகளில் ஹைட்ராலிக் வைத்து விற்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். விலையைக் கேட்டால் நின்றபடியே தூக்கம் வந்துவிடும்.

ஆனால் திருச்சிக்காரர்கள் மடக்குக் கட்டிலைப் பார்க்க ஷோரூம் போக வேண்டியதில்லை. ரயிலில் ஏறினால் போதும். நடு பெர்த்தை விட எளிமையான மடக்குக் கட்டில் கிடையாது. ஒரு பக்கம் கீல், மறுபக்கம் இரண்டு சங்கிலி, மேலே ரெக்ஸின் மெத்தை. ராத்திரி தூக்கி மாட்டினால் படுக்கை, காலையில் இறக்கிவிட்டால் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதுகுச் சாய்மானம். ஒரே பலகைக்கு இரண்டு வேலை. பொன்மலை பணிமனையில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்தே பல தலைமுறைகள் பிழைத்த ஊர் இது. தென்னிந்திய ரயில்வே காலத்திலிருந்து, கிட்டத்தட்ட நூறு வருஷமாக அங்கே வேலை நடக்கிறது.

இன்னொரு அனுகூலமும் திருச்சிக்கு உண்டு. இது வெல்டிங் ஊர். பெல் தொழிற்சாலையில் கொதிகலன் செய்கிறார்கள். வெல்டிங்குக்கென்றே தனி ஆராய்ச்சி நிலையம் அந்த வளாகத்துக்குள் 1975-லிருந்து இருக்கிறது. துவாக்குடி, அரியமங்கலம் பக்கம் எத்தனை பட்டறைகள்! கொதிகலனுக்குக் குழாய் ஒட்டத் தெரிந்த ஊரில் ஒரு கட்டில் சட்டத்தை ஒழுங்காக ஒட்ட ஆள் கிடைக்காமல் போகாது. பட்டறையில் கூலியும் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் பேசுவார்கள். அதனால் எடை குறைந்தால் தூக்குவதும் சுலபம், செலவும் குறைவு.

செய்வதென்றால் எப்படி?

முதல் விஷயம், சுவரை நம்ப வேண்டாம். ஸ்ரீரங்கத்துப் பழைய சுவர்கள் தடிமனாக இருக்கும். ஆனால் உள்ளே செங்கலும் சுண்ணாம்புக் காரையும்தான். ட்ரில் போட்டால் மாவு மாதிரி கொட்டும், போல்ட் பிடிக்காது. போர்ஷன் பிரிக்கப் பிற்பாடு எழுப்பிய நாலரை அங்குலச் சுவரோ கட்டில் பாரத்தைத் தாங்கும் சுவரே இல்லை. எல்லாவற்றுக்கும் மேல் வீட்டுக்காரர் இருக்கிறார். காலண்டர் ஆணிக்கே கணக்குக் கேட்பவர் சுவரில் எட்டு ஓட்டைக்குச் சம்மதிப்பாரா?

அதனால் கட்டிலின் பாரம் முழுக்கத் தரையில் இறங்க வேண்டும். சுவரை ஒட்டி 18 அங்குல உயரத்தில், 9 அங்குல அகலத்தில், ஆறடி நீளத்துக்கு ஓர் அடிச்சட்டம். அதன் மேல் நீளவாக்கில் கீல். கட்டில் ஆறடிக்கு இரண்டரை அடி. மடக்கினால் பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கும், மொத்த உயரம் நாலடிதான். நீளவாக்கில் ஆறடியையும் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தும் மாடலுக்குத்தான் ஸ்பிரிங்கும் ஹைட்ராலிக்கும் தேவை. ஒற்றைக் கட்டிலைப் பக்கவாட்டில் மடக்க அதெல்லாம் வேண்டாம். பகலில் 15 சதுர அடிக்குப் பதில் ஐந்து சதுர அடிக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது, எடை. ஒரு அங்குலச் சதுர பைப்பில் சட்டமும் காலும் சேர்ந்து சுமார் 11 கிலோ வரும். மேலே 12 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டால் இன்னொரு 11 கிலோ. நாலு அங்குல ஃபோம் மெத்தை நாலைந்து கிலோ. மொத்தம் 26, 27 கிலோ. ஒரு பக்கத்தைக் கீல் தாங்குவதால், விளிம்பைப் பிடித்துத் தூக்குபவர் கைக்கு வருவது அதில் ஏறக்குறைய பாதி. பிளைவுட்டுக்குப் பதில் நைலான் நாடா பின்னிவிட்டால் கைக்கு வருவது ஒன்பது கிலோவாகக் குறையும். இலவம்பஞ்சு மெத்தைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் எடை எகிறும். இதைக் கட்டில் செய்வதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

மூன்றாவது, கால். வெளி விளிம்பில் உள்ள இரண்டு கால்களும் கட்டிலை இறக்கும்போது தானாகத் தொங்கி நிற்கும்படி செய்யலாம். ஆனால் உள்பக்கம் மடங்காமல் தடுப்பு அவசியம் வேண்டும். கடையில் விற்கும் இரும்பு மடக்குக் கட்டிலில் ஓரத்தில் உட்கார்ந்தால் மறுமுனை தூக்கிக்கொள்ளும் அனுபவம் பலருக்கும் இருக்கும். கால் விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

நாலாவது, பூட்டு. இதில்தான் அலட்சியம் கூடவே கூடாது. 2024 ஜூனில் ஓடும் ரயிலில் மேலிருந்த பெர்த் விழுந்து கேரளாவைச் சேர்ந்த பயணி ஒருவர் பலத்த காயமடைந்து, பிறகு இறந்துபோனார். பெர்த்தில் பழுது இல்லை, சங்கிலியைச் சரியாக மாட்டாததுதான் காரணம் என்று ரயில்வே விளக்கம் சொன்னது. அமெரிக்காவில் 2022 ஏப்ரலில் பெஸ்டார் என்ற நிறுவனம் சுமார் 1,29,000 சுவர்க் கட்டில்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்து பலருக்குக் காயம், 79 வயது மூதாட்டி ஒருவர் இறந்தே போயிருந்தார். இரண்டு சம்பவங்களிலும் விபத்து வந்த இடம் மாட்டும் இடமும் பிடித்து நிற்கும் இடமும்தான். அதனால் மடக்கி நிற்கும் கட்டிலுக்கு இரண்டு முனையிலும் ஒவ்வொரு தாழ்ப்பாள், குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில். முன்பக்கம் சாயாமல் இருக்கச் சுவரோடு ஒரு பட்டை. பாரம் தரையில் இருப்பதால் அந்தப் பட்டைக்கு இரண்டு போல்ட் போதும். இந்த இரண்டு ஓட்டைக்கு மட்டும் வீட்டுக்காரரின் காலில் விழலாம்.

சில்லறை விஷயங்கள்: மெத்தையை மடக்கினால் நழுவாமல் இரண்டு பெல்ட். காவிரிக் கரை ஈரத்தில் சுவரோடு ஒட்டிய மெத்தை பூஞ்சை பிடிக்கும் என்பதால் இரண்டு அங்குல இடைவெளி. பைப்பின் வாய் எல்லாவற்றையும் அடைத்து ஒட்டச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வாடகை கொடுக்காமல் மூட்டைப்பூச்சி குடிவந்துவிடும்.

மடக்குவது யார்?

கட்டில் தயார். இப்போது முக்கியமான கேள்வி. அதில் யார் படுப்பது?

வழக்கமாக நடப்பது இதுதான். பெரிய கட்டில் உள்ளே, சம்பாதிக்கும் மகனுக்கும் மருமகளுக்கும். ஹாலில் மடக்குக் கட்டில், பாட்டிக்கோ தாத்தாவுக்கோ. காலையில் காப்பி ஆவதற்குள் அதை மடக்கியாக வேண்டும். ஸ்கூல் பையை எங்கே வைப்பது, வருகிறவர்கள் எங்கே உட்காருவது? பாட்டியும் மறுப்பு சொல்வதில்லை. "எனக்கெதுக்குடா கட்டில், நான் ஒரு ஓரமா படுத்துக்கறேன்" என்பதுதான் எந்த வீட்டிலும் கேட்கும் பதில். அந்தப் பதிலை நாம் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறோம். கேட்டுக் கேட்டுப் பழகாதவர்கள் சொல்லும் பதில் அது.

இனி பகல் பன்னிரண்டு மணியை நினைத்துப் பாருங்கள். மகன் ஆபீஸில், பேரன் காலேஜில். உள்ளே பெரிய கட்டில் காலியாகக் கிடக்கிறது. அதில் போய்ப் படுக்கப் பாட்டிக்குக் கூச்சம். ஹாலில் தன்னுடைய கட்டில் சுவரோடு நிற்கிறது. ஒன்பது கிலோவானாலும் பதிமூன்று கிலோவானாலும் அவரால் தனியாக இறக்க முடியாது. இடுப்பு வலிக்கிறது. கால் மணி நேரம் நீட்டிப் படுத்தால் போதும். அதற்கு அவர் ஒருவரைக் கூப்பிட வேண்டும், கேட்க வேண்டும், கட்டிலை இறக்கிவிடச் சொல்ல வேண்டும். பிறகு மடக்கி வைக்கவும் சொல்ல வேண்டும். இதற்குப் பேசாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று உட்கார்ந்துவிடுகிறார். பகலில் படுத்தால் "படுத்த படுக்கையாகிவிட்டார்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

படுக்கையை மடக்கும்போது ஒருவர் நினைத்த நேரத்தில் படுக்கும் சுதந்திரமும் சேர்ந்து மடங்கிவிடுகிறது. பகலெல்லாம் வெளியே இருப்பவருக்கு அது நஷ்டமே இல்லை. பகலெல்லாம் வீட்டில் இருப்பவருக்கு முழு நஷ்டம்.

இப்போது பழைய கணக்கை எடுப்போம். வேலைக்குப் போகிறவர் கட்டிலை ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் பயன்படுத்துகிறார். முதியவர் ராத்திரி எட்டு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம், நடுநடுவே சாய்ந்து எழுவது என்று பார்த்தால் பன்னிரண்டு மணி நேரம். எந்தச் சொத்து அதிக நேரம் சும்மா கிடக்கிறதோ அதை மடக்கு என்றுதான் கணக்குச் சொல்கிறது. பாசம், மரியாதை எதையும் சேர்க்காமல் வெறும் வணிகவியலாகப் பார்த்தாலும், மடக்க வேண்டியது இளையவர் கட்டிலைத்தான்.

ரயில்வேக்கு இதில் பாதி தெரிந்திருக்கிறது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கீழ் பெர்த் ஒதுக்க ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். மாட்டுவதும் இறக்குவதும் நடு பெர்த்காரர் பாடு. ஆனால் ரயிலில் படுக்கும் நேரம் ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை என்று 2017-ல் விதி போட்டார்கள். மற்ற நேரத்தில் கீழ் பெர்த்தில் எல்லோரும் உட்காரலாம். ஒரு ராத்திரிப் பயணத்துக்கு அந்த விதி சரி. வீட்டில் பாட்டிக்கு அதே விதியை ஆயுள் முழுக்கப் போடுவது சரியில்லை.

சில ஆட்சேபணைகள் வரும். "கல்யாணமானவர்கள் கட்டிலை எப்படி மடக்குவது?" என்பது முதல் ஆட்சேபணை. இரண்டு ஒற்றைக் கட்டில்களை எதிரெதிர்ச் சுவரில் வைத்து, இறக்கினால் நடுவில் சேரும்படி செய்யலாம். கட்டிலே வேண்டாம் என்றால் மூன்றாக மடியும் மெத்தை இருக்கிறது. முப்பது வயது முழங்காலுக்குத் தரை ஒன்றும் தூரமில்லை. "சீர்க் கட்டிலை என்ன செய்வது?" என்பது இரண்டாவது. இதற்குப் பதில் தச்சரிடம் இல்லை, சம்பந்திகளிடம்தான் இருக்கிறது.

"ஹாலில் நிரந்தரமாகக் கட்டில் போட்டால் பார்க்க நன்றாக இருக்காதே" என்பது மூன்றாவது. இரண்டரை அடி அகலக் கட்டிலைச் சுவரோரம் போட்டு, மேலே ஒரு ஜமக்காளம் விரித்தால் அது திவான். வந்தவர்கள் அதில் உட்காரட்டும். பாட்டிக்குப் படுக்க வேண்டுமென்றால் எழுந்து நாற்காலிக்கு மாறட்டும். உயரம் மெத்தையோடு சேர்த்து 18 முதல் 20 அங்குலம் இருந்தால் பாதம் தரையில் பதியும், கை ஊன்றாமல் எழுந்திருக்கலாம். எதிர்ச் சுவரில் பேரனுடைய மடக்குக் கட்டில். காலையில் அவனே மடக்கிவிட்டுக் காலேஜுக்குப் போகட்டும். மடக்கத் தெம்பு உள்ளவன் அவன்தான். மடக்கிய பிறகு அந்தக் கட்டில் தேவைப்படாதவனும் அவன்தான்.

மாணவர் அறைகளுக்கும் இதே விதி பொருந்தும். மூன்று பேர் இருக்கும் அறையில் மூன்று கட்டிலையும் மடக்க வேண்டியதில்லை. ராத்திரி ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு படிப்பவன் ஒருவன் இருப்பான். அவன் பகலில்தான் தூங்குவான். அவன் கட்டில் விரிந்தே இருக்கட்டும். மற்ற இரண்டும் மடங்கட்டும்.

கட்டில் வாங்கும்போதும் செய்யும்போதும் டேப் எடுத்து அறையை அளக்கிறோம். அத்தோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்து அளந்துவிடலாம்: மத்தியானம் இரண்டு மணிக்கு இந்த வீட்டில் படுக்க வேண்டியவர் யார்? அவருடைய கட்டிலை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தாராளமாக மடக்கலாம்.

டிஸ்கி: முதல் பத்தியில் பெருமாளைக் கிண்டல் செய்ததாக யாரும் கோபப்பட வேண்டாம். எழுந்திருக்கச் சொல்லி யாரும் அவசரப்படுத்தாமல் படுத்திருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதைச் சொல்ல ஸ்ரீரங்கத்தில் அவரை விட்டால் வேறு உதாரணம் இல்லை.